மூடிய பிறகு பெய்த மழை

கைவிடப்பட்ட சிறைச்சாலைகளின் படங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் சிறையை அல்ல, அது மூடப்பட்ட பிறகு பெய்த மழையை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் உள்ள ஈஸ்டர்ன் ஸ்டேட் பெனிடென்ஷியரி என்ற பழைய சிறையைக் காமிராவோடு சுற்றி வந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் உறுதிப்படும் எண்ணம் இது. அந்தச் சிறை 1829-இல் திறக்கப்பட்டு 1971-இல் மூடப்பட்டது. அதன் பிறகு சுமார் இருபது ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. கூரை ஒழுகியது, செல்களுக்குள் மரங்கள் முளைத்தன, பூனைகள் குடியேறின. இன்று படம் எடுப்பவர்கள் தேடிப்போகும் அழகு அத்தனையும், பாளம் பாளமாக உரிந்து தொங்கும் பெயின்ட்டும் துருவேறிய கட்டிலும் சுவர் விரிசலில் இறங்கிய வேரும், அந்த இருபது ஆண்டுகளின் வேலை. அதற்கு முன்பு அந்தச் சிறை இயங்கிய 142 ஆண்டுகளை அந்தப் படங்களில் அநேகமாகக் காண முடியாது. ஒரு வீட்டின் படத்தில் இது பெரிய குறை ஆகாது. சிறை விஷயத்தில் இது உண்மையையே திருப்பிப்போட்டு விடுகிறது என்பதுதான் என் வாதம். ஏனென்றால் அந்தச் சிறையின் கொடுமை அழுக்கிலோ இருட்டிலோ இடிபாட்டிலோ இருக்கவில்லை. அதன் சுத்தத்தில் இருந்தது.

இது புரிய வேண்டுமானால், அதைக் கட்டவைத்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். 1787-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் வீட்டில் கூடிய ஒரு சங்கத்தார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் செல்வாக்கு அவர்களிடம் மிகுந்திருந்தது. அன்றைய சிறைகள் ஆணும் பெண்ணும் குழந்தையும் ஒரே கொட்டடியில் கிடந்து அழுகும் இடங்களாக இருந்தன. அதைச் சகிக்காமல், சவுக்கடியும் கூட்டக் கொட்டடியும் இல்லாத சிறை ஒன்றை அவர்கள் கற்பனை செய்தார்கள். ஒவ்வொரு கைதிக்கும் தனி அறை, தனிக் கழிப்பிடம், வேலை செய்யக் கொஞ்சம் கருவிகள், படிக்க பைபிள். மனிதனைத் தனியே விட்டால் அவன் மனசாட்சி விழித்துக்கொள்ளும் என்று மனமார நம்பினார்கள். கட்டடக் கலைஞர் ஜான் ஹாவிலண்ட் அந்த நம்பிக்கைக்குக் கல்லில் உருவம் கொடுத்தார். நடுவே ஒரு வட்டக் கூடம், அதிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல ஏழு நீண்ட பிளாக்குகள், எல்லாவற்றையும் சுற்றி 30 அடி உயர மதில். வெள்ளை மாளிகைக்கே குழாய்த் தண்ணீர் வராத காலத்தில் இந்தச் சிறையின் செல்களில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பிடம் இருந்தது. குளிருக்கு வெப்பக்காற்று ஏற்பாடும் இருந்தது. அந்நாளில் அமெரிக்காவில் மிக அதிகச் செலவில் எழுந்த கட்டடங்களில் இதுவும் ஒன்று. அதன் முதல் கைதி சார்லஸ் வில்லியம்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பினத்தவர். விவசாய வேலை செய்தவர். திருட்டுக்காக இரண்டு ஆண்டுத் தண்டனை. தலையை மூடும் துணி உறை ஒன்றை மாட்டித்தான் கைதிகளை உள்ளே நடத்திச் செல்வார்கள். எந்த வழியாக வந்தோம், பக்கத்துச் செல்லில் யார் இருக்கிறார் என்பது தெரியக்கூடாது. யாரோடும் பேசக்கூடாது. காலடிச் சத்தம்கூடக் கேட்கக்கூடாது என்று காவலர்கள் காலணிக்கு மேல் துணி உறை போட்டுக்கொண்டார்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், செல்லின் பின்புறம் உள்ள மதில் சூழ்ந்த சின்ன முற்றத்தில் நடக்கலாம். அதுவும் பக்கத்து முற்றத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து. இப்படி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்.

இதை நேரில் கண்ட இருவரின் சாட்சியம் நமக்கு இருக்கிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் டோக்வில் 1831-இல் வந்து, கைதிகளைத் தனித்தனியே சந்தித்துப் பேசி, இந்த முறையில் நன்மை உண்டு என்ற முடிவோடு திரும்பினார். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842-இல் வந்தார். ஒரு நாள் முழுக்கச் செல் செல்லாகப் போய்க் கைதிகளைப் பார்த்தார். அதே ஆண்டு வெளியான தம் அமெரிக்கப் பயண நூலில் இந்தத் தண்டனையைக் கடுமையாகக் கண்டித்தார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறது, நடத்துகிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் நடத்துகிறார்கள் என்பதை அவர் மறுக்கவில்லை. அறை அழுக்காக இருந்தது, சாப்பாடு கெட்டிருந்தது என்பதல்ல அவர் புகார். மூளையின் மீது நாள்தோறும் மெல்ல மெல்லச் செய்யப்படும் இந்த வேலை, உடம்பைச் சித்திரவதை செய்வதைவிட மோசமானது. காயம் வெளியே தெரியாததால் யாரும் தட்டிக்கேட்பதில்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஒழுங்கு குலைந்த இடங்களில் அப்பட்டமான வன்முறையும் இருந்தது. 1833-இல், பேசிய குற்றத்துக்காக இரும்பு வாய்ப்பூட்டு மாட்டப்பட்ட ஒரு கைதி இறந்துபோனார். சட்டமன்ற விசாரணை வரை அது போனது. ஆனாலும் டிக்கன்ஸ் கண்டித்தது விதிமீறலை அல்ல, விதியையே. சுண்ணாம்பு அடித்த, கூட்டிப் பெருக்கிய, கதகதப்பான அறை ஒன்று மனிதனைச் சிதைக்க முடியும் என்பதே அவர் தந்த செய்தி. இன்றைய படங்கள் அந்தச் செய்தியைத்தான் அழிக்கின்றன. உரிந்த சுவரைப் பார்த்து, இந்த நரகத்திலா மனிதர்களை வைத்திருந்தார்கள் என்று நாம் கேட்கிறோம். இல்லை, இந்த நரகத்தில் யாரையும் வைக்கவில்லை. அவர்களை வைத்திருந்த இடம் பார்க்க நன்றாகவே இருந்தது.

அந்தச் சிறையின் செல் ஒன்றில் எல்லோரும் எடுக்கும் ஒரு படம் உண்டு. வளைந்த கூரையின் உச்சியில் ஒரு சிறு துவாரம், அதன் வழியே சாய்வாக இறங்கும் வெயில், கீழே தூசும் காரைத்துண்டும் கிடக்கும் தரை, ஒரு பழைய கட்டில். முக்காலியில் காமிராவை நிறுத்தி, வைட் லென்ஸ் போட்டு, நிதானமாக எக்ஸ்போஷர் கொடுத்தால் யாருக்கும் இந்தப் படம் கிடைக்கும். கிடைத்தால் கோயில் கருவறைபோல இருக்கும். இதில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. ஒன்று, லென்ஸின் பொய். அந்தச் செல்லின் அகலம் ஏறத்தாழ 8 அடி, நீளம் 12 அடி. வைட் லென்ஸ் அதை ஒரு கூடமாக்கி விடுகிறது. மற்றது, வெளிச்சத்தின் பொய். அந்தத் துவாரத்தைக் கடவுளின் கண் என்று அழைத்தார்கள். அறையில் அது ஒன்றுதான் வெளிச்சம் வரும் வழி. கண்மட்டத்தில் வெளியே பார்க்க ஒரு சன்னல் கிடையாது. அதாவது கைதிக்கு வானம் உண்டு, உலகம் கிடையாது. மரம், ஆள், தெரு, எதிர்ச்சுவர் எதுவும் கிடையாது. அந்த வெயில் கற்றை அறைக்குக் கிடைத்த ஆறுதல் அல்ல. தண்டனையின் ஓர் உறுப்பு, அளந்து வைத்தது. கட்டில் இருக்கும் இடத்தில் படுத்து, நேர் மேலே பார்த்து, சாதாரண லென்ஸில் எடுத்தால் அது விளங்கும். படம் அழகாக இராது. நடுவே ஒரு வெள்ளைப் புள்ளியும் சுற்றிலும் சாம்பல் நிறக் கூரையும்தான் இருக்கும். கைதி இரண்டு ஆண்டு பார்த்தது அதைத்தான்.

அழகைப் படம் எடுப்பவர்கள் புகுத்தவில்லை, ஹாவிலண்டே புகுத்தினார் என்று ஒருவர் மறுத்துச் சொல்லலாம். உண்மைதான். ஏழாவது பிளாக்கின் இரண்டடுக்கு உயரமும், விட்டத்து வளைவும், மேலிருந்து வடியும் ஒளியும் ஒரு பேராலயத்தை நினைவூட்டுவது தற்செயல் அல்ல. வெளி மதிலின் கோட்டைக் கோபுரங்களும் அம்பெய்யும் பிளவுபோல் தோன்றும் ஒடுக்கமான சன்னல்களும் வழிப்போக்கரை அச்சுறுத்தவே வைக்கப்பட்டவை. உள்ளே பக்தி, வெளியே பயம். ஆனால் இந்த மறுப்பு என் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. கட்டடக் கலைஞர் எந்த இடத்தில் நின்று பார்த்தால் மெய்சிலிர்க்கும் என்று தீர்மானித்தாரோ, அதே இடத்தில், நீண்ட நடையின் நடுக்கோட்டில், நாமும் முக்காலியை ஊன்றினால், 200 ஆண்டுக்கு முந்தைய அரசின் விளம்பரத்தை நாம் மறுபதிப்புச் செய்கிறோம் என்றுதான் அர்த்தம். அந்த நடையை அப்படி முழுசாகப் பார்க்கும் வாய்ப்பு காவலருக்கும் விருந்தினருக்கும் இருந்தது. தலையில் துணி உறையோடு அழைத்து வரப்பட்டவருக்கு இல்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அந்த அழகு இல்லாவிட்டால் கட்டடமே மிஞ்சியிருக்காது என்பது. 1980-இல் நகர நிர்வாகம் இதை வாங்கியபோது கடைத்தொகுதியும் குடியிருப்பும் கட்டும் யோசனைகள் வந்தன. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதில் அக்கறை கொண்டவர்கள் 1988-இல் மேயரிடம் முறையிட்டு அதை நிறுத்தினார்கள். 1991-இல் அக்டோபர் மாதப் பேய்த் திருவிழாவுக்கு இந்த வளாகத்தைத் திறந்து, அந்த வருமானத்தில் பராமரிப்பை நடத்தினார்கள். 1994 முதல் அன்றாடப் பார்வையாளர்கள் வருகிறார்கள். பல ஆண்டுகள் அவர்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது. முழுசாகப் புதுப்பிக்காமல், மேலும் விழாமல் தாங்கிப் பிடித்து, பாழாகவே வைத்துக் காப்பது என்பது அவர்கள் எடுத்த முடிவு. நான் இதை மதிக்கிறேன். புதுப்பிப்பதென்றால் எந்த ஆண்டுக்குப் புதுப்பிப்பது? துணி உறை மாட்டிய 1830-க்கா, தனிமை முறையை அதிகாரபூர்வமாகக் கைவிட்ட 1913-க்கா, கூட்டம் நிரம்பி வழிந்த பிற்காலத்துக்கா? பாழ் நிலை குறைந்தபட்சம் பொய் வேடம் போடவில்லை. பார்க்க ஆட்கள் வருவதால்தான் அங்கே சிறைவாசம் பற்றிய கண்காட்சியும் நடக்கிறது. அமெரிக்காவில் சிறைப்பட்டோர் விகிதம் எப்படி ஏறியது என்பதைக் காட்டும் 16 அடி உயர இரும்பு வரைபடம் ஒன்று 2014-இல் முற்றத்தில் எழுந்ததும் அப்படித்தான். ஆக, அழகு ஆளை வரவழைக்கட்டும். வந்த ஆள் எதை எடுத்துக்கொண்டு போகிறார் என்பது வேறு கேள்வி. பேய்த் திருவிழாவுக்குப் பொருத்தமான இடமாக ஒரு சிறை ஆனதே, பாழைக் கொடுமையாக எண்ணிக்கொள்ளும் நம் பழக்கத்தால்தான். கட்டடத்தைக் காப்பாற்றிய அதே படம் கட்டடத்தின் பொருளை மறைக்கவும் கூடும். முதலாவதற்கு நன்றி சொல்லிக்கொண்டே இரண்டாவதைச் சொல்லத்தான் வேண்டும்.

காமிரா மௌனத்தைப் படம் எடுக்குமா, தனிமையைப் படம் எடுக்குமா, அது எழுத்தாளர் வேலையல்லவா என்பது அடுத்த கேள்வி. மௌனத்தை எடுக்க முடியாது; மௌனத்தை உண்டாக்கிய பொருள்களை எடுக்கலாம். முதல் பிளாக்கின் செல்களுக்கு ஆரம்பத்தில் நடைப்பக்கம் ஆள் நுழையும் கதவே கிடையாது. சாப்பாடு தள்ளும் ஒரு துவாரம் மட்டும் இருந்தது. கதவுகள் பிறகு திறக்கப்பட்டவை, அவையும் குனிந்து நுழையும் உயரத்தில். அந்தத் துவாரத்தின் பக்கத்தில் ஓர் அளவுநாடாவை வைத்து எடுத்தால், ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையே அனுமதிக்கப்பட்ட உறவின் அளவு சென்டிமீட்டரில் தெரியும். செல்லின் சுவர் எவ்வளவு கனம் என்பதைக் கதவு நிலையில் பார்க்கலாம்; பக்கத்து அறைக்காரரின் இருமல் எவ்வளவு கேட்டிருக்கும் என்று அது சொல்லும். முற்றத்தின் மதிலை, அதில் நடந்தவரின் கண்மட்டத்திலிருந்து எடுக்கலாம். உரியும் பெயின்ட்டையும் எடுக்கலாம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கிட்டத்தில் போய், அதன் விளிம்பை எடுக்க வேண்டும். ஒரு பாளத்தின் விளிம்பில் வெள்ளை, பச்சை, மறுபடி வெள்ளை, மஞ்சள் என்று பூச்சு மேல் பூச்சாகத் தெரியும். ஒவ்வொரு பூச்சும் அந்தச் சுவரை யாரோ மெனக்கெட்டுப் புதுசாக்கியதற்குச் சாட்சி. தூரத்திலிருந்து பார்த்தால் அலட்சியம். கிட்டத்தில் பார்த்தால் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த கவனிப்பு. அந்தக் கவனிப்புதான் எனக்கு அச்சம் தருகிறது.

பெயர் பெற்ற கைதிகளின் அறைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அல் கபோன் 1929-இல் இங்கே சில மாதங்கள் இருந்தார். கம்பளமும் ரேடியோவும் மேசை விளக்குமாக அவர் செல்லை அலங்கரித்துக் காட்டியிருக்கிறார்கள். அங்கே எப்போதும் கூட்டம். அதைப் படம் எடுப்பதில் தவறில்லை. ஆனால் 142 ஆண்டுகளில் அந்த ஓர் அறைதான் விதிவிலக்கு, மற்றதெல்லாம் விதி. விதிவிலக்கை எடுத்துக்கொண்டு விதியை விட்டுவிட்டுத் திரும்புவது நம் ஊர்க்காரர்களுக்கும் பழகிய வழிதான். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே 1837-இல் கட்டப்பட்டு, பின்னர் மெட்ராஸ் பெனிடென்ஷியரி என்று அழைக்கப்பட்ட மத்திய சிறை, 2006-இல் கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்ட பிறகு காலியாகக் கிடந்தது. 2009 தொடக்கத்தில், இடிப்பதற்கு முன்பு, பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். அதே ஆண்டு இடித்தும் விட்டார்கள். சுபாஷ் சந்திர போஸ் முதல் அண்ணா, கருணாநிதி, ஜெயலலிதா வரை இருந்த இடம் என்பதால் தலைவர்களின் அறைகளைத் தேடுவது இயல்பு. ஆனால் நெருக்கடி நிலைக் காலத்தில் மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் அடைபட்ட கைதிகள் அங்கே அடிக்கப்பட்டதை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது என்பதும், 1999 நவம்பரில் அதே வளாகத்தில் கலவரம் மூண்டு, துணை ஜெயிலர் ஒருவர் தீயில் இறந்து, கைதிகள் பலர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள் என்பதும் அந்தக் கட்டடத்தின் கதைதான். எந்தக் கதவு எங்கே இருந்தது, ஒரு பிளாக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓட எத்தனை அடி, வார்டர் நிற்கும் இடத்திலிருந்து எது தெரியும் எது தெரியாது என்பதெல்லாம் அந்தச் சாவுகளைப் புரிந்துகொள்ளத் தேவையான சான்றுகள். இப்போது அந்த இடத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியின் கட்டடங்கள் நிற்கின்றன. அந்தமான் செல்லுலார் சிறையின் ஏழு பிளாக்குகளில் நான்கு போய், மூன்றுதான் மிச்சம். அந்த வளாகத்திலும் மருத்துவமனைதான் வந்தது. பழைய சிறையைவிட மருத்துவமனை முக்கியம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். நகரின் நடுவே நிலம் தேவைப்படுகிறது, நோயாளிகளுக்குக் கட்டில் தேவைப்படுகிறது. இடிக்கத்தான் போகிறோம் என்றால், அதற்கு முந்தைய சில வாரங்களில் எடுக்கும் படங்களே கடைசி ஆவணம் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

இதெல்லாம் பழங்கதை, இப்போது யார் அப்படித் தண்டிக்கிறார்கள் என்ற எண்ணத்தைத்தான் பாழின் அழகு மிகச் சுலபமாக உண்டாக்குகிறது. சுவர் இடிந்துவிட்டது என்றால் அந்த முறையும் இடிந்துவிட்டது என்று மனம் முடிவு கட்டிக்கொள்கிறது. ஆனால் கலிபோர்னியாவில் பெலிகன் பே சிறை 1989-இல் திறக்கப்பட்டது. அதன் தனிமைப் பிரிவின் செல்களுக்குச் சன்னல் இல்லை. கைதிகள் நாளில் 22 மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே இருந்தார்கள். பலர் அப்படிப் பல ஆண்டுகள் இருந்தார்கள். அங்கே காரை உரியவில்லை, துரு இல்லை; வழவழப்பான கான்கிரீட். ஐ.நா. சபை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், தொடர்ந்து 15 நாளுக்கு மேல் போகும் தனிமைச் சிறையைக் கூடாது என்கின்றன. இந்தியச் சட்டமும் தனிமைச் சிறைத் தண்டனையை ஒரு தடவைக்கு 14 நாள், மொத்தம் மூன்று மாதம் என்று கட்டுப்படுத்துகிறது. இந்த எல்லைகளை மனதில் வைத்து சார்லஸ் வில்லியம்ஸின் இரண்டு ஆண்டுகளை யோசித்துப் பார்க்கலாம். இயங்கும் சிறைக்குள் நம்மைப் போன்றவர்கள் காமிராவோடு போக முடியாது. செத்த சிறை ஒன்றுதான் திறந்திருக்கிறது. உயிரோடிருக்கும் சிறையைப் பற்றிப் பொதுமக்கள் காட்சியாக அறிவது அதன் வழியாகத்தான் என்பதால், இங்கே எடுக்கும் படத்துக்கு மற்ற இடிபாடுகளின் படத்துக்கு இல்லாத பொறுப்பு இருக்கிறது.

வ.உ.சி. செக்கிழுத்த கோவை மத்திய சிறையை ஊருக்கு வெளியே மாற்ற ஏற்பாடுகள் நடக்கின்றன. தமிழ்நாட்டில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய சிறைகள் இன்னும் சில இருக்கின்றன; அவற்றுக்கும் இந்த நாள் வரும். அவை காலியாகும்போது, செடி முளைக்கட்டும், சுவர் கொஞ்சம் கறுக்கட்டும், படம் நன்றாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். கைதிகள் போன மறுவாரமே உள்ளே அனுமதி கேட்க வேண்டும். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற வார்டர் ஒருவரும், அங்கே தண்டனை அனுபவித்தவர்களில் வரச் சம்மதிப்பவர் ஒருவரும் கூட இருந்தால், எந்தச் சுவரை எடுக்க வேண்டும் என்பது தானே தெரியும். சுண்ணாம்பு இன்னும் வெளுப்பாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். கதவின் உயரம், பூட்டு எந்தப் பக்கம், ஒரே அறையில் எத்தனை பேர் படுத்தார்கள், அவர்களுக்குக் கழிப்பிடம் எத்தனை அடி தூரம் என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுத வேண்டும். மனு போட்டுப் பார்க்க வரும் வீட்டார் நிற்கும் கம்பி வலைக்கு இருபுறமும் நின்று, அந்தப் பக்கத்து முகம் எவ்வளவு தெரிகிறது என்பதை இரண்டு படங்களாக எடுத்துவைக்க வேண்டும்.